ஜீப்ரா கிராசிங்கில் யார் யாருக்கு வழிவிட வேண்டும், எப்படி விட வேண்டும்: ஓட்டுபவருக்கும் நடப்பவருக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே திசையில் இரண்டு லேன் போகும் சாலை. ஓரத்து லேனில் வருபவர் வண்டியை நிறுத்தி, கிராசிங்கில் காத்திருப்பவரைப் பார்த்து "நீங்க போங்க" என்று கையசைக்கிறார். அவரும் தலையசைத்துவிட்டு இறங்கி நடக்கிறார். நின்ற வண்டியின் முன்பக்கத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கும்போது, பக்கத்து லேனில் வேகம் குறையாமல் இன்னொரு வண்டி வருகிறது. அந்த ஓட்டுநருக்கு நடந்து வருபவர் தெரியவில்லை. நடப்பவருக்கும் அந்த வண்டி தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் மறைத்து நிற்பது, வழிவிட்ட அந்த நல்ல மனிதரின் வண்டிதான்.

வழிவிடும் மனம் மட்டும் போதாது, அதற்கு ஒரு முறை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓட்டுபவர் சொல்ல வேண்டியதைக் கையால் சொல்லாமல் வண்டியால் சொல்ல வேண்டும், அதுவும் முன்கூட்டியே. நடப்பவர் தான் நிற்கும் இடத்தாலும் முகம் பார்க்கும் திசையாலும் சொல்ல வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

பல நாடுகளின் சாலை விதிகளுக்கு 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை அடிப்படையாக இருக்கிறது. நடப்பவர்களைப் பொறுத்தவரை அதில் மூன்று விஷயங்களை மனதில் வைத்தால் போதும். சிக்னலோ காவலரோ இல்லாத கிராசிங்கில், இறங்கிவிட்டவருக்கோ இறங்கிக்கொண்டிருப்பவருக்கோ வழிவிடும் அளவுக்கு வேகம் குறைத்து வர வேண்டும். தேவைப்பட்டால் நிற்க வேண்டும். வேறு சாலைக்குள் திரும்பும் வண்டி, அந்தச் சாலையின் கிராசிங்கில் இறங்கியவருக்கு வழிவிட வேண்டும். மூன்றாவதுதான் மேலே சொன்ன காட்சிக்கு நேரடியான பதில்: கிராசிங்கை நெருங்கும் வண்டியையோ, கிராசிங்கின் முன் நிற்கும் வண்டியையோ தாண்டிப் போகக் கூடாது, போனால், உடனே நிறுத்த முடிகிற அளவுக்கு மெதுவாகத்தான் போக வேண்டும்.

நாட்டுக்கு நாடு நுணுக்கங்கள் மாறும். சில இடங்களில் சாலையில் கால் வைத்த பிறகுதான் முன்னுரிமை. வேறு சில இடங்களில் ஓரத்தில் காத்திருந்தாலே ஓட்டுநர் நிற்க வேண்டும். பிரிட்டனில் 2022 ஜனவரியில் விதிக் கையேட்டைத் திருத்தியபோது, சந்திப்புகளில் கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்தார்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனால் ஓட்டும்போது எந்த நாட்டிலும் கடுமையான விதியையே பின்பற்றலாம். காத்திருப்பவருக்கும் நிற்பதால் யாருக்கும் கேடில்லை. கிராசிங்காக மட்டும் இருந்தால் சரி. கிராசிங்கே இல்லாத வேகச் சாலையில் நிற்பது வேறு கதை, அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த விதிகள் எல்லாமே "யார் வழிவிட வேண்டும்" என்ற மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நடப்பவருக்கு முன்னுரிமை இருக்கிறது என்பதால் வருகிற வண்டி நின்றுவிடும் என்று பொருள் இல்லை. வண்டி நிற்பதற்குத் தூரம் வேண்டும்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்

கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். இது கவனமாக ஓட்டுபவரின் கணக்கு. உலர்ந்த சாலை, நல்ல டயர், முழு பிரேக். அப்போதும் மொத்தத் தூரம் ஏறத்தாழ இப்படி வரும்:

மணிக்கு 30 கி.மீ: 13 மீட்டர் (யோசிக்கும் நொடியில் 8, பிரேக்கில் 5)
மணிக்கு 40 கி.மீ: 20 மீட்டர் (11, 9)
மணிக்கு 50 கி.மீ: 28 மீட்டர் (14, 14)
மணிக்கு 60 கி.மீ: 37 மீட்டர் (17, 20)

முதல் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்த்துப் பாருங்கள். 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. 30இல் வந்தவர் குழந்தையைத் தொடாமல் நின்றுவிடுகிறார். 50இல் வந்தவரின் கால் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. 14 மீட்டர் யோசனையிலேயே போய்விட்டது. அவர் அந்த இடத்தை முழு 50இல் கடக்கிறார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50இல் அது 30ஐப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. குடியிருப்புப் பகுதியிலும் பள்ளி வாசலிலும் 30 என்று பலகை வைப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அதை மதிக்காமல் ஓட்டிவிட்டு கிராசிங்கில் மட்டும் மரியாதை காட்ட முடியாது.

மழை பெய்தால் பிரேக் பகுதி ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை நீளும். கையில் செல்போன் இருந்தால் யோசிக்கும் நொடி இரண்டு, மூன்று என்று நீளும்.

கிராசிங்கை நெருங்கும் ஓட்டுநருக்கு

1. பலகையோ கோடுகளோ தெரிந்த உடனேயே, 50, 60 மீட்டருக்கு முன்பே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் வையுங்கள். பின்கண்ணாடியைப் பாருங்கள். கோடுகளின் மேல் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது. இரு ஓரத்திலும் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பவர்களின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். சாலைக்கு முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருப்பவர் வேறு. விளிம்பில் பாதத்தைச் சாலைப் பக்கம் வைத்திருப்பவர் வேறு.

2. ஆள் இருந்தால் சீக்கிரம் தொடங்கி, மென்மையாக பிரேக் பிடியுங்கள். 50இல் வரும்போது 40 மீட்டருக்கு முன்பே பிடிக்கத் தொடங்கினால், உள்ளே இருப்பவர் குலுங்காமல் வண்டி நிற்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் முன்பக்கம் சற்றுத் தாழும். ஓரத்தில் நிற்பவர் அதைப் பார்த்துத்தான் "நிற்கப் போகிறார்" என்று புரிந்துகொள்கிறார். நீங்கள் சொல்ல வேண்டியது அங்கேயே சொல்லி முடிந்தது. கடைசி நொடியில் அழுத்திப் பிடித்தால் வண்டி நிற்கும்தான். ஆனால் அதுவரை எதிரில் இருப்பவருக்கு உயிர் கையில் இல்லை.

3. நிறுத்தக் கோட்டில் மூக்கை வைத்து நிற்காமல் இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நில்லுங்கள். பல லேன் சாலை என்றால் ஐந்தாறு மீட்டர் பின்னால். அந்த இடைவெளி வழியாகத்தான் பக்கத்து லேன்காரருக்கு நடப்பவர் தெரிவார், நடப்பவருக்கும் பக்கத்து லேன் தெரியும். முதல் காட்சியில் இருந்த ஆபத்தின் பாதி இந்தச் சில மீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது.

4. முழுமையாக நில்லுங்கள். அங்குலம் அங்குலமாக ஊர்வதும், நின்றபடி எஞ்சினை உறுமவிடுவதும் "சீக்கிரம் போ" என்று விரட்டுவதற்குச் சமம். ஆட்டோமேட்டிக் வண்டி பிரேக்கை விட்டால் தானாக நகரும்; கால் அழுத்தியே இருக்கட்டும்.

5. கையசைத்துக் கூப்பிடாதீர்கள். உங்கள் லேன் பாதுகாப்பானது என்று உங்களுக்குத் தெரியும். மற்ற லேனும் எதிர்த்திசையும் எப்படி என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. கையைப் பார்ப்பவர் சாலையைப் பார்க்க மறந்துவிடுகிறார். ஹெட்லைட்டை மின்னவிடுவதும் அப்படித்தான். ஓரிடத்தில் அதற்கு "நீங்கள் போங்கள்" என்று அர்த்தம், இன்னோரிடத்தில் "நான் நிற்க மாட்டேன், வருகிறேன்" என்று அர்த்தம். இரண்டு நேரெதிர் பொருள் உள்ள சைகையை உயிர் விஷயத்தில் பயன்படுத்த வேண்டாம்.

6. நடப்பவர் உங்கள் லேனையும் அடுத்த லேனையும் தாண்டிய பிறகு நகருங்கள். குழந்தை, முதியவர், ஊன்றுகோலோடு வருபவர் என்றால் எதிர் ஓரம் ஏறும்வரை பொறுங்கள். கிளம்புமுன் இன்னொருமுறை இரு ஓரமும் பாருங்கள். கூட வந்த இரண்டாவது ஆள் ஓடி வருவது வழக்கம்.

7. நெரிசலில், கிராசிங்குக்கு அப்பால் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் இருந்தால் மட்டும் கோட்டைத் தாண்டுங்கள். கோடுகளின் மேல் நின்றுவிட்டால், தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர் உங்களைச் சுற்றிக்கொண்டு ஓடும் வண்டிகளுக்கு நடுவே போக வேண்டியிருக்கும்.

முன்னால் நிற்பவரைப் பார்த்து ஹாரன் அடிக்காதீர்கள், அவர் ஏன் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாதபோது குறிப்பாக.

திரும்பும்போது

சந்திப்பில் திரும்பும் ஓட்டுநரின் கண் வருகிற வண்டிகளில் இடைவெளி தேடிக்கொண்டிருக்கும். இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். அதே நொடியில், அவர் நுழையப்போகும் சாலையை ஒருவர் கடந்துகொண்டிருக்கிறார். சிக்னலில் பச்சை விழுந்து திரும்பும்போதும் இதே கதைதான். உங்களுக்கும் பச்சை, அவருக்கும் பச்சை. திரும்புபவர்தான் வழிவிட வேண்டும்.

இதில் முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு மறைவான எதிரி. பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள தூண், 15 மீட்டர் தூரத்தில் ஓர் ஆளை முழுதாக மறைக்கப் போதும். நீங்கள் திரும்பும் வேகமும் அவர் நடக்கும் வேகமும் பொருந்திவிட்டால், அவர் தூணின் நிழலிலேயே நகர்ந்து வந்து கடைசியில் பானெட்டுக்கு முன்னால் முளைப்பார். திரும்புமுன் தலையை ஒரு சாண் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மறைந்திருப்பது வெளியே வரும். லாரி, பஸ் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் வழியில் போகாது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போகும். மூலையில் விளிம்பை ஒட்டி நிற்பவரின் காலுக்கு மேலேயே ஏறிவிடக்கூடும். அதனால் நடப்பவர்களும், பெரிய வண்டி திரும்பும் மூலையில் விளிம்பிலிருந்து இரண்டு தப்படி பின்னால் நிற்பது நல்லது.

நடப்பவருக்கு

1. கடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிராசிங் பக்கத்தில் இருந்தால் நடந்து போய் அங்கேயே கடக்கலாம். இல்லையென்றால் வளைவு, மேட்டின் உச்சி, நிறுத்திய வண்டிகளின் இடுக்கு ஆகியவற்றை விட்டு, இருபுறமும் நெடுந்தூரம் தெரியும் இடத்துக்குப் போங்கள்.

2. கடக்கப் போகிறீர்கள் என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும். விளிம்புக்கு அருகில், சாலையைப் பார்த்து, வண்டி வரும் திசைக்கு முகம் திருப்பி நில்லுங்கள். செல்போனைப் பார்த்தபடி விளிம்பில் நிற்பவர் கடப்பாரா மாட்டாரா என்று எந்த ஓட்டுநராலும் சொல்ல முடியாது.

3. ஓட்டுநரின் முகத்தைத் தேடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் முகமே தெரியாது. இரவில் நிச்சயம் தெரியாது. அதற்குப் பதில் முன்சக்கரத்தைப் பாருங்கள். ஊர்ந்து வரும் வண்டி நின்றதுபோலவே தோன்றும். ஆனால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஆரங்களும் திருகுகளும் சுற்றுகின்றனவா, நின்றுவிட்டனவா என்பது தெளிவாகத் தெரியும். சக்கரம் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பது வண்டி எங்கே திரும்பப் போகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும், இண்டிகேட்டர் போட மறந்திருந்தாலும்கூட.

4. நடந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள். சாதாரண நடை நொடிக்கு 1.2 மீட்டர். 7 மீட்டர் சாலைக்கு ஏறத்தாழ 6 நொடி. அந்த 6 நொடியில் 50இல் வரும் வண்டி 80 மீட்டருக்கு மேல் வந்துவிடும். முதியவரின் நடை நொடிக்கு 0.8 மீட்டர் என்றால் அதே சாலைக்கு 9 நொடி, வண்டிக்கு 125 மீட்டர். "தூரத்தில்தானே வருகிறது" என்ற மதிப்பீடு பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது.

5. ஒரு லேன் தாண்டியதும், நின்ற வண்டியின் வெளி விளிம்பில் ஒரு கணம் நின்று அடுத்த லேனை எட்டிப் பாருங்கள். யார் எவ்வளவு அன்பாகக் கையசைத்திருந்தாலும் இதை விடாதீர்கள்.

6. நேராக, சீராக நடங்கள். ஓடினால் தடுக்கி விழ வாய்ப்பு. பாதியில் தயங்கித் திரும்பினால் உங்கள் நடையைக் கணித்து வந்த ஓட்டுநரின் கணக்கு கெட்டுவிடும்.

சிக்னல் இருக்கும் இடத்தில் பச்சை மனிதன் என்றால் "இப்போது தொடங்கலாம்". பச்சை மின்னத் தொடங்கினால் புதிதாக இறங்காதீர்கள்; நடுவில் இருப்பவர் முடித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. பச்சை விழுந்த முதல் நொடியில் இறங்கவும் வேண்டாம். சிவப்பைத் தாண்டி வருபவர் அப்போதுதான் வருவார்.

நிறுத்திய இரண்டு வண்டிகளுக்கு நடுவே கடந்தே ஆக வேண்டுமென்றால், அந்த வண்டிகளின் வெளி விளிம்பைத்தான் சாலையின் ஓரமாகக் கருத வேண்டும். அங்கே நின்று தலையை மட்டும் நீட்டிப் பாருங்கள். குழந்தைத் தள்ளுவண்டியோடு இருந்தால் இந்த வழியே வேண்டாம், ஏனென்றால் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே தள்ளுவண்டி சாலைக்குப் போய்விடும். பஸ்ஸிலிருந்து இறங்கியவர், அது கிளம்பிப் போகும்வரை பொறுத்துக் கடப்பதுதான் சரி.

கூடுதல் கவனம் கேட்பவர்கள்

சிறு குழந்தைகளுக்கு, வருகிற வண்டியின் வேகத்தை மதிப்பிடும் திறன் முழுதாக வளர்ந்திருக்காது. வண்டி தெரிகிறது, ஆனால் எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்பது தெரியாது. பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே குழந்தை வரும் என்று எடுத்துக்கொண்டு பிரேக்கில் கால் வையுங்கள். எதிர் ஓரத்தில் அம்மாவோ நண்பனோ நிற்கும்போது குழந்தை சாலையைப் பார்க்காது, ஆளைத்தான் பார்க்கும். ஓட்டுநர்களுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் இது முக்கியம்: எதிர்ப்பக்கத்திலிருந்து குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

முதியவர்கள் தடுக்காமல் இருக்கத் தரையைப் பார்த்து நடப்பார்கள். உங்களைப் பார்க்கவில்லை என்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைக் கோலோடு நிற்பவருக்கு ஒலிதான் கண். கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று, பாட்டை நிறுத்தி, எஞ்சின் சத்தம் சீராகக் கேட்கும்படி அமைதியாகக் காத்திருங்கள். ஹாரன் அடித்தால் அது "விலகு" என்றா, "போ" என்றா என்று அவருக்குத் தெரியாது. "போங்க சார், போங்க" என்று கத்துவதும் அவர் கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற வண்டிகளின் ஒலியை மறைத்துவிடும். மின்வண்டி ஓட்டுபவர்களுக்கு இதில் பொறுப்பு அதிகம், ஏனென்றால் குறைந்த வேகத்தில் அதன் சத்தம் கேட்பதே அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்கார்களும் மெதுவாகப் போகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கியது இதற்காகத்தான். உதவ விரும்பும் பாதசாரி, முதலில் கேட்டுவிட்டுத் தன் முழங்கையை அவர் பிடிக்கக் கொடுக்க வேண்டும். அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இரவும் மழையும்

லோ பீமில், கறுப்பு உடை அணிந்தவர் ஏறத்தாழ 30 மீட்டரில்தான் கண்ணுக்குப் புலப்படுவார். 60இல் வரும் வண்டி நிற்க 37 மீட்டர் வேண்டும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணிந்திருந்தால் நூறு மீட்டருக்கும் மேல் தெரியும். அதைக் கணுக்காலிலோ கையிலோ கட்டுங்கள்; ஆடும் ஒளி, அசையாத ஒளியைவிட வேகமாகக் கண்ணில் படும், அது மனிதர் என்றும் சொல்லிவிடும். எதிரில் நடந்து வருபவர் மேல் ஹை பீம் அடித்தால் சில நொடிகள் அவருக்குக் கால் வைக்கும் இடம்கூடத் தெரியாது.

தேங்கிய நீரில் வேகமாகப் போய் நடப்பவரை நனைப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல. நீர் அடிக்கும்போது அவர் அனிச்சையாக விலகுவார். விலகும் திசை சாலையாகவும் இருக்கலாம். குடையைச் சாய்த்துப் பிடித்து நடப்பவர், கடக்குமுன் அதை நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.

கோடு இல்லாத இடங்கள்

நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளை எதிர்கொள்ளும் பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். அவர்களைக் கடக்கும் ஓட்டுநர் வேகம் குறைத்து, குறைந்தது ஒரு மீட்டர் இடம் விட வேண்டும். எதிரில் வண்டி வந்தால் அது போகும்வரை பின்னால் பொறுக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்தோ பெட்ரோல் பங்கிலிருந்தோ நடைபாதையைத் தாண்டி வெளியே வரும் வண்டி, நடப்பவரின் இடத்தைக் கடந்து போகிறது. முதலில் நடைபாதையின் முன்னால் நின்று, பிறகு சாலையின் முன்னால் நிற்க வேண்டும், இரண்டு நிறுத்தம்.

பின்னோக்கி எடுக்கும்போது கேமராவை மட்டும் நம்பாமல், ஏறுமுன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாடும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. நடப்பவருக்குப் பின்பக்க வெள்ளை விளக்குதான் எச்சரிக்கை: எரிந்தால் அந்த வண்டிக்குப் பின்னால் போகாதீர்கள்.

கிராசிங்கே இல்லாத, வண்டிகள் விரையும் சாலையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காகத் திடீரென்று நிற்காதீர்கள். பின்னால் வருபவர் அதை எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து லேன் நிற்கப்போவதும் இல்லை. அங்கே அவருக்குத் தேவை வண்டிகளுக்கு இடையே ஒரு பெரிய இடைவெளி. ஆனால் ஏற்கெனவே சாலையில் இறங்கிவிட்டவர் எந்த விதியை மீறி இறங்கியிருந்தாலும் அவருக்கு நின்றே ஆக வேண்டும்.

"நீங்க போங்க, இல்ல நீங்க போங்க" என்று இருவரும் தடுமாறும் தருணம் வந்தால்: ஓட்டுநர் முழுதாக நின்று அசையாமல் இருக்கட்டும். வண்டி முதலில் போகட்டும் என்று நடப்பவர் நினைத்தால், விளிம்பிலிருந்து ஒரு தப்படி பின்னால் போய், உடலைச் சாலையிலிருந்து திருப்பிக்கொள்ளலாம். எந்தச் சைகையைவிடவும் இது தெளிவாகப் புரியும்.

ஓட்டுபவர்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி. தினமும் கடக்கும் ஒரு கிராசிங்குக்கு ஒரு நாள் நடந்து போங்கள். நிறுத்தக் கோட்டிலிருந்து, வண்டி வரும் திசையில், நடைபாதையில் 40 தப்படி எண்ணி நடங்கள். சாதாரணத் தப்படி 70 சென்டிமீட்டர் என்றால் அது 28 மீட்டர். 50இல் வரும் வண்டி முழு பிரேக்கில் நிற்கக்கூடிய கடைசி இடம். அங்கிருந்து கிராசிங்கில் நிற்பவர் எவ்வளவு சிறியவராகத் தெரிகிறார் என்று பாருங்கள். இன்னும் 20 தப்படி பின்னால் போங்கள். அங்கே இருக்கும் மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வண்டியில் வரும்போது, அந்தக் கம்பத்தை எட்டும் முன்பே கால் பிரேக்கின் மேல் இருக்கட்டும்.